வெயிலில் படுத்தவள்

ஆரணியிலிருந்து சேவூர் போகும் ரோட்டில், பழைய மாடி வீடு ஒன்றின் முன்னால் ‘குட்டியானை’ மினி லாரி வந்து நின்றது. கலையரசி உடனே இறங்கவில்லை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் தலையைச் சாய்த்தபடி வீட்டின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகலமான மொட்டை மாடி. அண்டையில் மரம் இல்லை, உயரமான கட்டடமும் இல்லை. வெயிலுக்குக் குறுக்கே எதுவும் நிற்காத இடம். அவர்கள் தேடி வந்ததும் அதைத்தான்.

"எறங்கு கலை. கெமிக்கல் பாட்டிலெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ போய்க் கொஞ்சம் படு," என்றான் அவள் கணவன் தென்னரசு.

"படுக்கத்தானே வந்திருக்கோம்," என்றாள் அவள். சிரிக்க நினைத்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

இருவரும் சென்னையில் ஓவியர்கள். நான்கைந்து வருடங்களாக அவர்களைப் போன்ற சிலர், உலகம் கைவிட்ட பழைய புகைப்பட அச்சு முறைகளைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கலையரசி எடுத்துக்கொண்டது நீல அச்சு. அதற்குக் கேமரா வேண்டாம். இரண்டு உப்புகளைத் தண்ணீரில் கரைத்து, துணியில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். பிறகு அதன்மேல் எதையாவது வைத்து வெயிலில் காட்டிவிட்டுத் தண்ணீரில் அலசினால் போதும். வெயில் பட்ட இடமெல்லாம் ஆழ்ந்த நீலமாகும். வெயிலை எது மறைத்ததோ அதன் உருவம் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

அவள் வைக்க நினைத்தது மனிதர்களை.

அந்த எண்ணம் ஆஸ்பத்திரியில் வந்தது. வெம்பாக்கம் பக்கம் ஆயுசு முழுக்க நாற்று நட்டுக் கூலி வேலை செய்த அம்மா, கடைசி மாதங்களில் கட்டிலோடு கிடந்தாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "பகல்லயே படுத்துகினு கெடக்கறேன் பாரு," என்று வெட்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகும் அந்த வெட்கம் கலையரசியை விடவில்லை. உழைக்கிற பெண்களைப் பகல் வெயிலில், அவர்களே நெய்கிற பட்டின்மேல் கொஞ்ச நேரம் படுக்க வைக்க வேண்டும். அந்த ஓய்வை அப்படியே அச்செடுத்துக் கண்காட்சியில் தொங்கவிட வேண்டும். அதற்குத்தான் ஆரணி.

வீட்டுக்காரி புஷ்பலதா கீழே தறி போட்டிருந்தாள். அறுபதைத் தாண்டியவள், நிமிர்ந்த முதுகு. மாடியை வாடகைக்கு விடும்போதே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"பட்டு மேல படுக்க வெச்சா? அதுவும் பகல்லயா?"

"ஆமாங்கக்கா. கொஞ்ச நேரம்தான்."

"எங்க மாமியார் சொல்வாங்க. பகல்ல படுத்தா நோயாளி, இல்லாங்காட்டிப் பொணம்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "எனக்கின்னாம்மா, நீ படுக்க வெய்யி."

மறுநாள், முதல் துணியை விரித்தார்கள். அது வெறும் சோதனை. பூச்சு சமமாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ஆள் நீளப் பட்டுத்துணியை மாடித் தரையில் விரித்து, நான்கு மூலைகளிலும் செங்கல் வைத்தார்கள். மேலே ஒன்றும் வைக்கவில்லை. பச்சை கலந்த மஞ்சள் பூச்சு வெயிலில் மெல்லச் சாம்பலாக மாறியது. தறிகளின் சத்தம் தெருவெங்கும் ஒரே சீராகக் கேட்டது. கலையரசி படிக்கட்டுக் கூரையின் நிழலில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

தொட்டியில் அலசியபோது நீலம் எழுந்தது. மூலைகளில் செங்கல்லின் வெள்ளைச் சதுரங்கள். நடுவிலும் ஒரு வெளுப்பு. நீளமாக, ஓரங்கள் கலங்கி.

"பூச்சு சரியா ஏறல," என்றான் தென்னரசு.

"நடுவுல மட்டுமா?"

"பிரஷ் காஞ்சிருக்கும். டயர்டா இருந்தப்ப பூசின இல்ல."

அது உண்மைதான்.

அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. களைப்பு இருந்தது, கண் எரிந்தது, உடம்பு கல்லாகக் கனத்தது. ஆனால் பாயில் சாய்ந்த உடனே, யாரோ அப்போதுதான் எழுந்துபோன இடத்தில் படுத்ததுபோல் பாய் சுட்டது. மின்விசிறி காற்று அதன்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. அவள் புரண்டு தரையில் படுத்தாள். சற்று நேரத்தில் தரையும் சுட்டது.

அடுத்து ஹேமலதா வந்தாள். பக்கத்துத் தெருவில் நூல் சுற்றும் வேலை செய்பவள், வாய் ஓயாதவள். துணியின்மேல் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கிக்கொண்டு, "எம்மா, பாத்திரம் தேய்க்காம படுத்துகினு இருக்கறேன். எங்க வூட்டுக்காரரு பாத்தா மயக்கம் போட்டுடுவாரு," என்று சிரித்தாள். பிறகு அவளும் அடங்கினாள். வெயில் மேலே ஏறியது.

துணியை அலசும்போது ஹேமலதாவும் தொட்டி ஓரம் நின்று பார்த்தாள். நீலத்துக்குள்ளிருந்து அவள் உருவம் வெள்ளையாக எழுந்து வந்தது. மடங்கிய முழங்கால், கன்னத்தடியில் கை.

அவளுக்குப் பின்னால் இன்னொன்றும் எழுந்து வந்தது.

நேராக, மல்லாந்து படுத்த உருவம். பக்கவாட்டில் சரிந்த கொண்டை. ஒரு கை மடங்கிக் கண்களை மறைத்திருந்தது, வெயிலுக்கு மறைப்பதுபோல. விளிம்புகள் ஹேமலதாவின் விளிம்புகளைவிடக் கூர்மையாக இருந்தன.

"யாருக்கா இது என் பக்கத்துல?" என்றாள் ஹேமலதா. அவள் தன் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "படுத்திருந்தப்ப முதுகுல அனலா இருந்திச்சி. வெயிலுன்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

டம்ளர்களை எடுக்க மாடிக்கு வந்த புஷ்பலதா, கொடியில் தொங்கிய துணியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"யாருன்னு தெரியுதாக்கா?" என்று மெல்லக் கேட்டாள் கலையரசி.

"கைய அப்பிடித்தான் வெச்சிருந்தா."

"யாரு?"

"பாஞ்சாலை."

புஷ்பலதா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிது. அப்போது பின்கட்டில் பட்டு நூல் வேக வைக்கும் அடுப்புகள் இருந்தன. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கும் அண்டாவில் நூலைப் புரட்டிப் புரட்டி எடுத்து, முறுக்கிப் பிழிய வேண்டும். பெரணமல்லூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து அந்த வேலையைச் செய்தவள் பாஞ்சாலை. முகூர்த்த சீசன். கத்திரி வெயில் வேறு.

"தல சுத்துது, கொஞ்சம் முதுக சாய்ச்சிட்டு வரேன்னு சொன்னா. அடுப்புப் பக்கம் எடம் இல்ல. வூட்டுக்குள்ள…" புஷ்பலதா நிறுத்தினாள். கலையரசியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "உள்ள வந்து படுன்னு அவங்க ஆளுங்ககிட்ட சொல்ற வழக்கம் அப்ப இல்லம்மா. மாடிக்கு ஏறிப் போனா. எல்லாரும் வேலையில இருந்தாங்க. சாயந்திரம் ஆள காணோம்னதும், பஸ்ஸுக்குப் போயிட்டான்னு நெனச்சாங்க."

"எப்பப் பாத்தீங்க?"

"மறுநா. துணி காயப் போடப் போனப்ப." அவள் குரல் தேய்ந்தது. "சிமெண்ட் தரை. தூக்கறப்ப தரை அவள விடல."

அந்த வழக்கம் கலையரசிக்குத் தெரியும். அம்மா வேலை செய்த வீடுகளில் அம்மாவும் வாசலைத் தாண்டியதில்லை.

அதன் பிறகு அவள் தூங்கவே இல்லை. படுத்தால் சூடு. உட்கார்ந்தபடி கண்ணை மூடினால் பக்கத்தில் மூச்சு கேட்டது. பயமுறுத்தும் மூச்சு அல்ல. ஆழ்ந்து தூங்குகிறவர்கள் விடும் நிம்மதியான, நீண்ட மூச்சு. முதலில் தென்னரசு என்று நினைத்தாள். அவன் கடைக்குப் போயிருந்தபோதும் அது கேட்டது. தன்னிடம் இருந்து போன தூக்கம் எங்கே போயிற்று என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

"நாம கெளம்பிடலாம்," என்றான் தென்னரசு. அவள் கண்களைச் சுற்றிக் கருமை படர்ந்திருந்தது. "கண்காட்சி கெடக்குது. ஏதோ கெமிக்கல் ஒத்துக்கல உனக்கு. டாக்டர்கிட்ட போலாம்."

"ஒரே ஒரு துணி, அரசு. நானே படுக்கறேன். இந்த வெயில்லயாவது தூக்கம் வருதான்னு பாக்கறேன்."

"வேண்டாம்."

"எங்க போனாலும் நான் படுத்துத்தானே ஆவணும்?"

பூச்சு உலர்ந்திருந்த ஒரு துணியை அவன் எடுத்துவந்து விரித்தான்.

உச்சி வெயிலில் அவள் துணியின்மேல் மல்லாந்து படுத்தாள். தென்னரசு படிக்கட்டு நிழலில் நின்று, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். மூடிய இமைகளுக்குள் வெயில் சிவப்பாக இருந்தது. தறிச் சத்தம் தூரப் போயிற்று. இத்தனை நாள் வராத தூக்கம் காலிலிருந்து மேலே ஏறி வந்தது. இடுப்பு வரை வந்தது, நெஞ்சுக்கு வந்தது. அம்மா, இதுதானா, இதற்குத்தானா வெட்கப்பட்டாய் என்று அவள் அதற்குள் இறங்கப் போனாள்.

சோப்பு நெடி வந்தது.

ஈரமான, சுடுகிற ஒரு தோள் அவள் தோளை ஒட்டியது.

காதோரத்தில், தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் ஒரு குரல்:

"கொஞ்சம் தள்ளிப் படும்மா."

அவள் தள்ளிப் படுத்தாள். ஏன் என்று பின்னால் பலமுறை யோசித்தாள். அந்தக் குரலில் அதட்டல் இல்லை, களைப்புதான் இருந்தது. நெரிசலான பஸ்ஸில், ஆஸ்பத்திரி வராந்தாவில், யாராவது அப்படிக் கேட்டால் நகராமல் இருக்க முடியுமா?

தென்னரசு துணியை அலசினான். அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் மஞ்சளாகி வடிய, நீலம் தெளிந்தது. உருவம் எழுந்தது.

ஒன்றுதான்.

சரிந்த கொண்டை. கண்களை மறைத்த கை. கால் நீட்டிப் படுத்த அந்த உருவம் இப்போது பாலாக வெளுத்திருந்தது.

கலையரசி படுத்திருந்த இடம் முழுக்க நீலம்.

"நான் பாத்துகிட்டே இருந்தேன்," என்றான் தென்னரசு. "நீ அங்கதான் படுத்திருந்த. நீ மட்டும்தான் படுத்திருந்த."

அவள் குனிந்து, அந்த நீலத்தை விரலால் தடவினாள். அங்கே ஏதோ இருந்தது. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடாக அவள் வெள்ளி வளையல். கீழே, கால் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் சின்னஞ்சிறு கோடுகள், மெட்டிகள். வெள்ளி வெயிலை மறைத்திருந்தது.

உடம்பு மறைக்கவில்லை.

வெயில் அவளுக்குள் புகுந்து போயிருந்தது.

தென்னரசு அன்றே மூட்டை கட்ட ஆரம்பித்தான். பாட்டில்களைப் பழைய துணியில் சுற்றி எடுத்து வைத்தான். கலையரசி கீழே இறங்கிப் போய், தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த புஷ்பலதாவின் பக்கத்தில் நின்றாள்.

"அவங்க படுக்கப் போனப்ப இன்னா சொன்னாங்கன்னு மறுபடி சொல்லுங்கக்கா."

"முதுக சாய்ச்சிட்டு வரேன்னு."

"வரேன்னுதானே சொன்னாங்க. கொஞ்ச நேரத்துக்குத்தானே படுத்தாங்க. யாரும் போய் எழுப்பல."

தறியில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடா புஷ்பலதாவின் கையில் நின்றது.

"எந்த பஸ்ல போவாங்க?"

"வெயில் சாய்ஞ்சதும் பெரணமல்லூர் பஸ் ஒண்ணு வரும். அதப் புடிக்க ஜல்தி ஜல்தின்னு ஓடுவா. வூட்டுல கொழந்தைங்க இருந்திச்சி."

"நீங்களும் மேல வாங்க."

"நான் எதுக்கும்மா? நான் இந்த வூட்டு மருமவ."

"அதுக்குத்தான்."

இந்த முறை கலையரசி வெறுந்தரையில் துணியை விரிக்கவில்லை. முதலில் கோரைப்பாய் போட்டாள், தலைமாட்டில் தன் தலையணையை வைத்தாள், அதன்மேல் பட்டுத்துணியை மூடினாள். பாஞ்சாலைக்கு யாரும் பாய் கொடுத்ததில்லை. துணியின்மேல் யாரும் படுக்கவில்லை. மூவரும் படிக்கட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். வெயில் கனத்துக் கிடந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு தலையணை அமுங்கியது.

புஷ்பலதா கலையரசியின் கையைப் பிடித்தாள். பிடி இறுகிக்கொண்டே போயிற்று. துணியின் நடுவே நீளமாக ஒரு பள்ளம் விழுந்தது. அந்த மூச்சு, ஆழ்ந்த நீண்ட மூச்சு, இப்போது மூவருக்கும் கேட்டது. தென்னரசு எழுந்து ஓடப் பார்த்தான். கலையரசி அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். தூங்கட்டும், விடு.

தூங்க விட்டார்கள். நிழல்கள் நீண்டன. தூரத்தில், ரோட்டில், ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

கலையரசி எழுந்து துணியின் அருகே போய் மண்டியிட்டாள். வெம்பாக்கத்தில் அம்மாவை விடிகாலையில் எழுப்பும் குரல் அவளுக்கு வந்தது.

"யக்கா. பாஞ்சாலையக்கா. எழுந்திரு. பஸ்ஸு வந்துகினு இருக்குது."

மூச்சு நின்றது.

"எழுந்திரு பாஞ்சாலை," என்றாள் பின்னாலிருந்து புஷ்பலதா, அழுகையும் நடுக்கமுமாக. "நேரமாச்சிடி."

பாயிலிருந்து ஆள் எழுந்தால் எப்படியோ அப்படி, முதலில் தலையணை நிமிர்ந்தது. பிறகு நடுப்பள்ளம். கடைசியில் துணி தட்டையாகக் கிடந்தது. படிப்பக்கமாக அனல் கலந்த காற்று ஒன்று அவர்களைக் கடந்து கீழே இறங்கிப் போயிற்று.

அலசிய துணியில் மூலைச் செங்கற்களைத் தவிர எங்கும் வெளுப்பு இல்லை. கரை முதல் கரை வரை ஒரே நீலம்.

தென்னரசு சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். கலையரசிக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்வதற்குள் அந்தப் பாயிலேயே சரிந்தாள். பாய் குளிர்ந்திருந்தது. அதை உணர்ந்தாள், அவ்வளவுதான். கிணறு கல்லை விழுங்குவதுபோல் தூக்கம் அவளை விழுங்கியது.

விழித்தபோது வெளிச்சம் மங்கி, வானத்தில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. யாரோ அவள்மேல் போர்வை போர்த்தியிருந்தார்கள். உடம்பு லேசாகியிருந்தது. எத்தனை நாளுக்குப் பிறகு இப்படி என்று நினைத்தபடி எழுந்து உட்கார்ந்தாள். தெருவில் தறிகளெல்லாம் ஓய்ந்திருந்தன.

ஆனாலும் கீழே ஒரு சத்தம்.

ஈரத்தை முறுக்கும் சத்தம். முறுக்கி, பிழிந்து, கல்லில் அறையும் சத்தம்.

அவள் படியிறங்கினாள். பின்கட்டில் தென்னரசு சுவரோரம் அசையாமல் நின்றிருந்தான். வண்டி நிறுத்தும் தகரக் கொட்டகையின் வாசலில் புஷ்பலதா. அங்கேதான் அந்தக் காலத்து அடுப்புகள் இருந்தன என்று கலையரசிக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. எப்போதோ இடித்து, மண் நிரப்பி, சிமெண்ட் பூசிய தரை. அதில் வெறுங்காலை வைத்தாள். சுட்டது.

உள்ளே யாரும் இல்லை. இரண்டு ஸ்கூட்டிகள் நின்றன. அவற்றின் சீட்டுகள் நனைந்திருந்தன. தகரக் கூரையின் உள்பக்கம் முழுக்க ஆவி பிடித்து வியர்த்து, சொட்டிக்கொண்டிருந்தது. கொதிக்கும் சோப்பின் நெடி மூக்கை அடைத்தது.

"பஸ்ஸுக்குப் போவலம்மா," என்று கிசுகிசுத்தாள் புஷ்பலதா. கண்ணீர் அவள் கன்னத்தில் தானாக வழிந்துகொண்டிருந்தது. "எழுப்பி விட்டோமே. வூட்டுக்குப் போவாம, நேரா இங்க வந்துட்டா."

பிழியும் சத்தம் நின்றது.

ஆவிக்குள்ளிருந்து, மிக அருகில், களைத்த குரல் ஒன்று கேட்டது. வீட்டு மருமகளை வேலைக்காரர்கள் அழைக்கும் முறையில், பணிவாக.

"சின்னம்மா. இன்னும் எவ்ளோ இருக்குது?"

புஷ்பலதாவின் உதடுகள் அசைந்தன. முடிந்தது, போ என்று சொல்லத்தான் முயன்றாள். சத்தம் வரவில்லை.

சற்றுக் காத்திருந்ததுபோல் ஒரு மௌனம்.

பிறகு மறுபடியும் முறுக்கும் சத்தம் தொடங்கியது.